நாற்பது லிட்டருக்குச் சுண்ணாம்புத் தெளிவு

1

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் வீட்டுக் கடலுக்கு எட்டு வயது நிறைகிறது. கேக் வெட்டப்போவதில்லை. நாலு லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு நாலு லிட்டர் புது உப்புத்தண்ணீர் ஊற்றுவேன், அவ்வளவுதான். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் செய்வதுதான் அது.

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாரும் "உன் மீன் தொட்டி எப்படி இருக்கிறது" என்று கேட்கிறார்கள். மீன் தொட்டி இல்லை. மீன் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதுவும் கல் இடுக்கைவிட்டு வெளியே வராத சோம்பேறி. இது பவளத் தொட்டி. கடலுக்கடியில் இருந்து எடுத்த கல், அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு, பச்சையும் ஆரஞ்சுமாக, விரிந்து மூடும் உயிர்கள். பக்கத்தில் விரல் விரலாக ஒரு கல்பவளம். நாற்பது லிட்டர் பிடிக்கும் கண்ணாடிப் பெட்டி. ஜன்னலுக்கும் கணப்புக்கும் நடுவே, செருப்பு வைக்கும் அலமாரியின்மேல் இருக்கிறது.

காலையில் எழுந்ததும் முதல் வேலை இதுதான். கண்ணாடியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ராத்திரியில் ஆவியான அளவுக்கு, அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த நல்ல தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுப்பேன். பவளம் வீடு கட்டுவது சுண்ணாம்பால். இவ்வளவு சின்னப் பெட்டியில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். தெளிவைச் சொட்டுச் சொட்டாக விழவைக்க, நாள் கழிந்துபோன ட்ரிப் குழாய் ஒன்றை லில்லி எனக்குத் தந்தாள். லில்லி என் மனைவி. அவள் நர்ஸ்.

தொட்டிக்கு விளக்குப் போடுவதற்கு முன் ஒரு நிமிடத்துக்கு இருபது சொட்டு வீதம் விட வேண்டும். "நோயாளியைவிட நல்லா பாக்கிய" என்று லில்லி சொல்வாள். நோயாளியைப் பார்க்க அவளுக்குப் பதினைந்து பேர் துணை உண்டு, எனக்கு யார்?

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது நர்ஸின் கணவனாக. வேறு தகுதி எதையும் இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை இருந்தது. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் ஆரியங்கோட்டிலிருந்துகூட ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். லில்லி அமரவிளைக்காரி. கல்யாணமாகி ஒரு வருடத்தில் ஜெர்மனி போனவள், பிள்ளை பெற ஊருக்கு வந்து, திரும்பிப் போய், கடைசியில் என்னையும் மூன்று வயது ஷைனியையும் கூப்பிட்டுக்கொண்டாள். கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

ரைன் நதிக்கரையில் ஒரு சிற்றூர். வந்த மறுவாரம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அம்மா என் கடவுச்சீட்டைப் பார்த்தாள். பிறந்த இடம் கேரளம். தாய்மொழி என்ன என்று கேட்டாள். தமிழ் என்றேன். அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதில் கேரளத்துக்கு நேராக மலையாளம் என்று இருந்தது. "நீங்கள் தவறாகச் சொல்கிறீர்கள்" என்றாள். என் தாய்மொழி எனக்குத் தெரியாதாம்! லில்லி என் காலை மிதிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பட்டியல்தான் ஜெயித்தது. இங்கே மலையாளிகளின் ஓணத்துக்குப் போனால் எங்களைத் தமிழர் என்கிறார்கள். தமிழர்களின் பொங்கலுக்குப் போனால் மலையாளி என்கிறார்கள். இரண்டு இடத்திலும் சாப்பாடு நன்றாக இருக்கும், போய்விட்டு வருவோம்.

அந்த அம்மா கடைசியில் ஒரு முத்திரை குத்தினாள்: வேலை செய்ய அனுமதி இல்லை. எத்தனை காலம்? நாலு வருடம். முப்பத்திரண்டு வயது ஆணை, கை நிறையத் தொழில் தெரிந்தவனை, நாலு வருடம் சும்மா இரு என்று சொன்னார்கள். மனைவி சம்பாதிப்பதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் காலை பத்து மணிக்குத் தெருவில் நடக்கும்போது அந்த ஊரில் நடமாடுகிற ஒரே ஆண் நான்தான் என்பது எனக்குத் தாங்கவில்லை.

ஷைனியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில் ஒரு மீன் கடை. வளர்ப்பு மீன் விற்கிற கடை. மழைக்கு ஒதுங்கி உள்ளே போனேன். பிறகு மழையில்லாமலும் போனேன். கடைக்காரி ஒரு நாள் ஓரத்தில் ஒரு பெட்டியைக் காட்டினாள். யாரோ வாங்கிப்போய், முடியாமல் திருப்பிக் கொடுத்தது. மூன்று பெரிய கல்லும் சில சின்னக் கல்லும், மேலே பொத்தான் பொத்தானாக உயிர்கள், பாதி மூடிக் கிடந்தன. "கடல் தொட்டி என்றால் ஐந்நூறு லிட்டராவது வேண்டும். சின்னதில் தண்ணீர் ஒரே நாளில் கெட்டுவிடும். இது மூன்று மாதம் தாங்கினால் அதிகம்" என்றாள்.

நாலு வருடம் சும்மா இரு என்று சொன்னவர்கள்மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த மூன்று மாதத்தின்மேல் திரும்பியது. தண்ணீரைக் கல் நனைகிற அளவுக்குக் குறைத்து, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மூன்று மாதமா, பார்த்துவிடுவோம்.

3

மூன்று மாதம் அல்ல, ஒரு வருடம் ஓடியது. அதன்பிறகு அதைக் கொன்றேன். நானேதான் கொன்றேன்.

எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு ஒரு தடவை, சித்திரைக்கு நேரான மேடமாசத்துச் சூட்டில் நீர் கீழே போனதும், கிணறு இறைப்போம். அடித்தண்ணீர் வரை இறைத்து, சேற்றை வாரி, உள்சுவரைத் தொண்டால் தேய்த்து, பாசி ஒரு பொட்டுகூட இல்லாமல் கழுவிவிட்டு, ஊறுகிற புதுத்தண்ணீரில் சிப்பி நீற்றிய சுண்ணாம்பைக் கூடையோடு கொட்டுவோம். தொண்டு என்றால் தேங்காய் மட்டை. மறுநாள் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். நான் பத்து வயதிலிருந்து கிணற்றுக்குள் இறங்கியவன். தேங்கி நிற்கும் தண்ணீர் எதுவானாலும் வருடத்துக்கு ஒரு தடவை காலி செய்து கழுவாவிட்டால் அது எனக்குத் தண்ணீரே இல்லை.

தொட்டிக்கு ஒரு வருடம் நிறைந்த அன்று நான் அதை இறைத்தேன். தண்ணீரை எல்லாம் வாளியில் எடுத்தேன். கல்லை ஒவ்வொன்றாகக் குளியலறைக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஊதாவும் பழுப்புமாகப் படிந்திருந்ததெல்லாம் அழுக்கு என்று நினைத்தேன். அதுதான் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்த உயிர் என்று யாருக்குத் தெரியும்? ஷைனிக்கு அப்போது ஐந்து வயது. குளியலறை வாசலில் நின்று கத்தினாள்.

"கழுவாண்டாம்ப்பா! கழுவாண்டாம்! அதுக்கு நோவும்!"

"நோவாது மக்ளே. குளிச்சா யாருக்காவது நோவுமா? அப்பாவுக்குத் தெரியாதா?" என்றேன்.

பிறகு புதுத்தண்ணீர் நிறைத்து, இரண்டு கரண்டி சுண்ணாம்பைத் தெளிய விடாமல், பாலாகவே கொட்டினேன். அழகாக வெள்ளையாகப் பரந்தது. கை கழுவிவிட்டு வந்து திருப்தியோடு சோறு தின்றேன்.

மாலையில் லில்லி டியூட்டி முடிந்து வந்தாள். தொட்டிப் பக்கம் போனவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன செய்து வச்சிருக்கிய? இது கெணறாக்கும்னு நெனச்சியளா?"

பொத்தான்கள் வெளுத்துத் தொங்கின. இடையில் வாங்கி விட்டிருந்த மீன் செத்து மிதந்தது. ஷைனி அழவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையைப் பற்றி மேலே எழுத எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள் ஷைனியின் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது அங்கே அவளுடைய மணல் விளையாட்டு வாளி இருந்தது. அதில் பழைய கடல்தண்ணீர், அதற்குள் ஒரு கல். எலுமிச்சை அளவு. மேலே ஏழு பொத்தான்கள், ஏழும் உயிரோடு. நான் குளியலறையில் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளை ஒரு கல்லைத் திருடிக் கொண்டுபோய் ஒளித்துவைத்திருக்கிறாள். தருவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. "அப்பா கழுவிருவாரு" என்று வாளியைக் கட்டிக்கொண்டாள். லில்லி ஒரு மணி நேரம் பேசித்தான் வாங்கினாள்.

இன்றைக்குத் தொட்டியில் இருக்கும் பொத்தான்கள் எல்லாம் அந்த ஏழின் மக்கள்தான். கல்பவளமும் சோம்பேறி மீனும் பிறகு வந்தவை.

4

அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். இது இனிமேல் சாகாது. நான் இருக்கும்வரை சாகாது. படிக்கத் தெரிந்த அளவு ஜெர்மனில் படித்தேன், தெரியாததைக் கடைக்காரியிடம் கேட்டேன். ஒரு நாள் தவறாமல் வெப்பமும் உப்பும் பார்த்தேன். நாலு வருடத் தடை முடிந்து அனுமதி வந்தது. என் வைண்டிங் சான்றிதழை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். ஒத்துக்கொள்ளவில்லை. ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு கழுவும் பிரிவில் வேலை கிடைத்தது. கழுவுவதில் எனக்கு அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன்.

கல்லை அவளிடமிருந்து வாங்கிய பிறகு ஷைனி தொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைதானே, மறந்துவிடுவாள் என்று இருந்தேன். அவள் மறந்தது தமிழை. ஏழு வயதில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொன்னாள். பத்து வயதில் தமிழில் கேட்டால் காதில் வாங்காததுபோல் இருந்தாள். தோழிகள் வந்தால் நான் அடுக்களைக்குள் போய்விட வேண்டும், என் ஜெர்மனைக் கேட்டுச் சிரிப்பார்களாம். அடுக்களைச் சொற்கள் மட்டும் அவளிடம் தங்கின: சட்டி, தவி, புளி, சல்லடைக்குச் சொல்லும் அரிப்பு. தவி என்றால் கரண்டி என்று தோழிக்கு அவள் விளக்குவதை ஒரு தடவை கேட்டேன். மனசு நிறைந்துவிட்டது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

விருந்தாளி வந்தால் தொட்டியைக் காட்டி, "அது அப்பாவோட கிணறு" என்று ஜெர்மனில் சொல்வாள். அவர்களுக்குப் புரியாது, எனக்குப் புரியும். ஒரு நாளாவது இவள் தானாக வந்து இந்தக் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். ஏழு வருடமும் நான் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

5

போன மேடமாசம் ஊருக்குப் போக வேண்டிவந்தது. அப்பா போன பிறகு அண்ணன் தேவதாஸும் நானும் பாகம் பிரிக்கவில்லை. ஆதாரத்தில், அதாவது பாகப் பத்திரத்தில், கையெழுத்துப் போட நான் நேரில் வர வேண்டும் என்று சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸில் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். ஷைனிக்குப் பள்ளிக்கூடம், லில்லிக்கு லீவு இல்லை. நாலு வாரம் நான் தனியாக.

தொட்டி?

கடைக்காரியிடம் விட்டுப்போக நினைத்தேன். பெட்டியை நகர்த்தினால் கல்பவளம் உடையும். ஆகவே தொட்டிக்குத் தினமும் செய்ய வேண்டியதை ஆறு பக்கம் எழுதினேன். ஜெர்மனில் எழுத எனக்கு வராது, தமிழில்தான் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'கழுவக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் போட்டு அடிக்கோடிட்டேன். கடைசிப் பக்கத்தில் 'இப்படிக்கு அப்பா' என்று கையெழுத்தும் போட்டேன். லில்லி படித்தது மலையாளத்தில். தமிழ் எழுத்து அவளுக்குக் கோயில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிற அளவுக்குத்தான். ராகம் போட்டு இழுத்துத்தான் படிப்பாள். ஷைனி என்னையும் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை.

"நீங்க போயிற்று வாருங்க. செத்தா செத்துற்று போவுது" என்று லில்லி சொன்னாள். அந்தச் சொல்லை விமானம் இறங்கும்வரை மென்றுகொண்டிருந்தேன்.

ஊரில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கிணறு இறைத்தோம். பாகத்தில் கிணறு இரண்டு பேருக்கும் பொது. அண்ணன் மேலே நின்றுகொண்டு கயிற்றை நீட்டினான்.

"எலே ஞானம், நீ எறங்கு. ஜெர்மனிக்காரனுக்கு ஒடம்பு வளையுமான்னு பாக்கட்டு."

இறங்கினேன். இடுப்பளவு சேறு. கையில் தொண்டு. சுவரில் பாசி வழித்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து எட்டிப் பார்த்து ஒருவன் கூவினான். முக்கில் எஸ்டிடி பூத் வைத்திருக்கும் தங்கப்பன்.

"அண்ணே, ஜெர்மனி போனாக்கும்! பிள்ளை விளிக்குது! அஞ்சு நிமிசத்துல பின்னயும் விளிக்குமாம், ஓடி வாங்க!"

பூத்தின் எண்ணைக் கொடுத்திருந்தேன். லில்லிதான் கூப்பிடுவாள் என்று நினைத்திருந்தேன். அண்ணன் கத்துவதைக் கேட்காமல் கயிற்றைப் பிடித்து ஏறி, சேற்றோடு ஓடினேன். பூத்தில் நாலு பேர் காத்து நின்றார்கள். என் கோலத்தைப் பார்த்து வழிவிட்டார்கள்.

ஊரில் சாயங்காலம், ஜெர்மனியில் மதியச் சாப்பாட்டு நேரம். ஷைனி ஜெர்மனில் மூச்சுவிடாமல் பேசினாள். பம்ப் நின்றுவிட்டது. தண்ணீர் அசையவில்லை. பொத்தான்கள் எல்லாம் மூடிக்கொண்டன. அம்மா டியூட்டியில். கடையில் போன் எடுக்கவில்லை.

மூடியதை இவள் பார்த்திருக்கிறாள். பார்க்காமல் எப்படித் தெரியும்? அந்தக் கலவரத்திலும் எனக்கு அதுதான் முதலில் உறைத்தது.

"மக்ளே, முதல்ல ப்ளக்கை ஊரு."

பிடுங்கியாயிற்று என்று ஜெர்மனில் சொன்னாள். பம்பின் முன்மூடியைத் திருகி உள்ளே இருக்கும் காந்தச் சக்கரத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். அனுமதி, விண்ணப்பம், நிராகரிப்பு எல்லாவற்றுக்கும் ஜெர்மன் சொல் தெரியும் எனக்கு. என் தொழிலில் இருக்கும் ஒரு சாமானுக்கும் ஜெர்மன் தெரியாது. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு கையால் திருகிக் காட்டினேன். பூத்தில் இருந்தவர்கள்தான் அதைப் பார்த்தார்கள்.

"பம்புக்க மூடியத் திருகி, உள்ள இருக்க சக்கரத்த எடு. அடுக்களையில வினாகிரி உண்டுல்லா, அதுல அதை ஊறப்போடு."

"ஊறுகாய்க்கு ஊத்துயதா?" என்று கேட்டாள். தமிழில்!

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கப்பன் தலையை நீட்டி "லைன் போச்சா அண்ணே?" என்றான்.

"அதேதான் மக்ளே, அதேதான். சுண்ணாம்பு பிடிச்சிருக்கு, வினாகிரியில எளகும். பொறவு பம்பை மட்டும் பைப்புல கழுவி மாட்டு. அதுவரை தவியை வச்சுத் தண்ணியக் கலக்கிற்றே இரு. மெதுவா. கல்லைத் தொடாண்டாம்."

"தவியா, செரி." பிறகு சந்தேகத்தோடு, "நீங்க எங்க நிக்குதிய? ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றாள். தமிழ் உடைந்து உடைந்து வந்தது. ஆனால் வந்தது.

"கெணறு கழுவிற்று இருந்தேன்."

மறுபக்கத்தில் அவள் சிரித்தாள். "அங்க நல்லா கழுவுங்க. இங்க நான் பாத்துக்கிடுவேன்."

திரும்பி வந்து கிணற்றுக்குள் இறங்கினேன். சேறும் கண்ணீரும் சேர்ந்து முகம் எரிந்தது. அண்ணன் மேலிருந்து, "என்னலே, அங்க யாருக்காவது சுகமில்லியா?" என்று கேட்டான். எல்லாரும் சுகம் என்றேன். சுண்ணாம்புக் கூடையை இறக்கச் சொன்னேன். இந்தத் தடவை மனசார, கூடையோடு கொட்டினேன்.

6

திரும்பி வந்தது ஒரு வேலை நாள் காலை. லில்லி கதவைத் திறந்தாள். ஷைனி பள்ளிக்குப் போயிருந்தாள். பயணப் பெட்டியைக் கீழே வைக்காமலே தொட்டியைப் பார்த்தேன். எல்லாம் விரிந்திருந்தன. பம்ப் ஓடியது. கல்பவளத்தின் நுனியில் வெள்ளையாகப் புது வளர்ச்சி. யாரோ சொட்டை ஒழுங்காக விட்டிருக்கிறார்கள்.

"அண்ணைக்கு மூணு மணிக்கூறு தவியும் கையுமா இருந்தா. தோழி பிறந்தநாளுக்குக்கூட போவல்ல," என்றாள் லில்லி. "பொறவு நீங்க எழுதின தாளை எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு எழுத்தா என்கிட்ட கேட்டா. எனக்கே பாதி தெரியல்ல. ரெண்டு பேரும் பாட்டுப் புத்தகத்த வச்சாக்கும் கண்டுபிடிச்சோம்."

அப்போதுதான் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். ஆறு பக்கத்தின் தலையிலும் நான் எழுதியிருந்த சொற்களைப் பார்த்து, படம் வரைவதுபோல் வரைந்திருந்தாள். முன்னால், என் கையெழுத்திலிருந்து எடுத்த ஒரு சொல்லைச் சேர்த்திருந்தாள். 'ழு' நீளமாகி அடுத்த எழுத்தில் இடித்தது.

அப்பா கழுவக் கூடாது.

அவள் முதன்முதலாக எழுதிய தமிழ் அது. செருப்பு அலமாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வயதில் குளியலறை வாசலில் நின்று சொன்னதைத்தான் எழுதி ஒட்டியிருந்தாள்.

சீட்டு இப்போது உப்புத் தெறித்து மஞ்சளாகிவிட்டது. எடுத்துவிட்டு வேறு எழுதி ஒட்டலாம் என்று லில்லி இரண்டு தடவை சொன்னாள். எடுக்கமாட்டேன்.

ஷைனி இன்னும் என்னோடு ஜெர்மனில்தான் பேசுகிறாள், கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் தமிழ். தோழிகள் வந்தால் நான் இன்னும் அடுக்களைக்குள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வாளியை எடுத்தால் அறையிலிருந்து வந்துவிடுவாள். கை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, ஒன்று, இரண்டு என்று லிட்டர் எண்ணுவாள். நாலுக்குமேல் ஒரு கோப்பை எடுக்க என்னை விடமாட்டாள். என்மேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

நம்ப வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும்.